படிக்காமல் எழுதாதே

விளக்கு அணைகிறது. விசிறி வேண்டா வெறுப்பாக இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு நிற்கிறது. மேஜைமேல் அப்போதுதான் உயிர் வந்து ஓடத் தொடங்கியிருந்த பழைய கம்ப்யூட்டர் போர்டு ஒன்று பொசுக்கென்று அடங்குகிறது.

“வர்றேன்! வர்றேன்னு சொன்னேனா இல்லையா? அதுக்குள்ள அங்க என்ன குடி முழுகிப் போச்சு?”

மாடி அறையிலிருந்து இந்தக் குரல் கிளம்பினால் தெருமுனையில் நிற்பவருக்கும் கேட்கும். கீழேயிருந்து பதில் வராது. படிக்கட்டின் அடியில் ஒரு சுவிட்ச் இருக்கிறது. மாடி அறையின் விளக்கு, விசிறி, வேலை மேஜை எல்லாம் அதற்குள் அடக்கம். அதை ஒருமுறை அணைத்துப் போட்டால் டீ தயார், இறங்கி வா என்று பொருள். இரண்டு முறை அணைத்துப் போட்டால் யாரோ வந்திருக்கிறார்கள். அணைத்துவிட்டுப் போடாமலே போய்விட்டால், அணைத்தவர் கோபமாக இருக்கிறார். பெரும்பாலும் போடாமலேதான் போவார்.

அணைப்பவர், மாடியில் கத்துகிறவளுடைய கணவர். பட்டறையில் போர்மேனாக இருந்தவர். ஓய்வு பெற்ற பிறகும் தெருவுக்கு அவர் போர்மேன்தான். தொண்டையில் கட்டி வந்து, ஆபரேஷனில் குரல்வளையையே எடுத்துவிட்டார்கள். கழுத்தில் ஒரு துளை உண்டு, மூச்சு அதன் வழியாகத்தான். வாயால் கூப்பிட முடியாத மனிதர் மனைவியைக் கூப்பிடக் கண்டுபிடித்த வழி சுவிட்ச். “சுவிட்ச்ல கை வைக்காதீங்க! போர்டு கருகினா நீங்களா வாங்கித் தருவீங்க?” என்று அவள் கத்தாத நாள் கிடையாது. கரண்ட் போனாலும் தாங்கிப் பிடிக்கும் யுபிஎஸ் பெட்டி ஒன்று மேஜைக்கு அடியில் இருக்கிறது. அதன் பேட்டரி உப்பிப் போய் நாளாகிறது. ஊரார் வீட்டுப் பெட்டிகளையெல்லாம் சரிசெய்கிறவளுக்குத் தன் பெட்டியைத் தொட நேரமில்லை.

அவளுக்குக் கட்டெறும்பு என்று யார் பெயர் வைத்தார்களோ தெரியாது. வாடிக்கையாளர்கள் முதுகுக்குப் பின்னால் கட்டெறும்பு என்றும், முகத்துக்கு நேரே அக்கா என்றும் சொல்வார்கள். ஒல்லியான உடம்பு, எப்போதும் அவசர நடை, வாயைத் திறந்தால் கடி. எறும்பை மிதிக்காதவனை எறும்பு கடிக்காது என்று அவளுக்காக வாதாடுகிறவர்களும் உண்டு. அவர்கள் இன்னும் அக்காவிடம் ஒரு போர்டும் கொண்டுபோகாதவர்கள்.

பழைய கம்ப்யூட்டர்களின் பயாஸை மாற்றி எழுதுவது அவள் தொழில். கம்ப்யூட்டருக்குள்ளே எல்லா உறுப்புகளையும் தாங்கி நிற்கும் பெரிய பலகைதான் போர்டு. கரண்ட் கொடுத்த அந்த நொடியில் தான் யார் என்றே அதற்குத் தெரியாது. அதன் ஓரத்தில் ஒரு சிப் இருக்கும். அதில் எழுதியிருப்பதைப் படித்த பிறகுதான் தன்னிடம் என்ன டிஸ்க் இருக்கிறது, என்னென்ன கார்டு செருகியிருக்கிறது, அடுத்து எங்கே போக வேண்டும் என்பதெல்லாம் விளங்கும். அந்த எழுத்துதான் பயாஸ். அக்கா இதை இன்னும் சுருக்கமாகச் சொல்வாள்.

“தூங்கி எழுந்த மனுஷன் முதல்ல மூக்குக்கண்ணாடி எங்கேன்னு தடவுவான்ல? அதான் பயாஸ். கண்ணாடி கையில படலைன்னா நாள் பூரா செவுத்துல முட்டிக்கிட்டு நிப்பான்.”

செவுத்தில் முட்டிக்கொண்டு நிற்கும் போர்டுகள்தான் அவளிடம் வருகின்றன. புது டிஸ்கைக் கண்டால் திகைத்து உறைந்துபோகும் போர்டு. செய்த கம்பெனியின் கார்டைத் தவிர வேறு எதைச் செருகினாலும் விழிக்க மறுக்கும் போர்டு. எப்போதோ வேலையை விட்டுப் போன யாரோ வைத்த பாஸ்வேர்டைக் கேட்டுக்கொண்டே இருக்கும் போர்டு. லிப்ட் பராமரிப்பவர் வருவார், எக்ஸ்ரே எடுப்பவர் வருவார், கார் சக்கரம் சரிபார்ப்பவர் வருவார். அவர்களுடைய இயந்திரம் இன்னும் கல்லுப்பிள்ளையாராக இருக்கும். அதை ஓட்டும் கம்ப்யூட்டர் மட்டும் மண்டையைப் போட்டிருக்கும். யார் வந்தாலும் அக்காவின் முதல் கேள்வி ஒன்றுதான்.

“எவன் இதைத் திறந்தது?”

“நான் திறக்கலைக்கா.”

“அப்ப இந்த ஸ்க்ரூ தானா கழண்டு வெளிய வந்து உங்களுக்கு வணக்கம் சொல்லுச்சா?”

பழைய விளையாட்டு ஒன்றை அதே பழைய கம்ப்யூட்டரில் ஆட வேண்டும் என்று தலை நரைத்த ஒரு வங்கிக்காரர் வந்தார். “கழுதை வயசாச்சு, விளையாடவா?” என்று ஆரம்பித்தவள் அவரை நிற்கவைத்து அரைமணி நேரம் திட்டினாள். பிறகு போர்டை எடுத்து வைத்துக்கொண்டாள். திருப்பிக் கொடுத்தபோது அவர் சரிசெய்யச் சொல்லாத விளையாட்டுச் சத்தமும் அதில் வந்தது. நன்றி சொல்ல வாயெடுத்தவரை, “போங்க, போய் வேலையைப் பாருங்க” என்று படிக்கட்டு வரை விரட்டினாள்.

அவள் கோபத்துக்கு ஆள் தேவையில்லை. ஒரு சிப்பைப் படித்து, உள்ளே இருப்பதைத் திரையில் வரிவரியாக ஓடவிட்டு, பூதக்கண்ணாடி போட்டுத் தேடும்போது, அதை எழுதிய முகம் தெரியாத பொறியாளரோடு சண்டை நடக்கும். “இதுக்கு மேல பெரிய டிஸ்க் உலகத்துலயே வராதுன்னு முடிவு பண்ணிட்டான் பாரு. சாயங்காலம் சீக்கிரம் வீட்டுக்குப் போகணும் துரைக்கு. ரெண்டு வரி சேர்த்து எழுதியிருந்தா கை தேஞ்சா போயிருக்கும்?” அந்த இரண்டு வரியை அவள் எழுதிச் சேர்ப்பாள். சேர்த்தால் மட்டும் போதாது. சிப்பில் உள்ள எல்லா எண்களின் கூட்டும் பழையபடி வர வேண்டும். ஒன்று கூடினாலும் குறைந்தாலும் போர்டு முறைத்துக்கொண்டு எழாது. எங்கே கூட்டினாளோ அதற்கு ஈடாக இன்னோர் இடத்தில், யாருக்கும் வலிக்காத மூலையாகப் பார்த்துக் குறைப்பாள். அந்த நேரத்தில் மட்டும் வாய் மூடியிருக்கும்.

மேஜைக்கு எதிரே சுவரில் ஓர் அட்டை தொங்குகிறது. சிவப்பு மையில், அவளே எழுதியது: படிக்காமல் எழுதாதே. சிப்பில் புதிதாக எழுதினால் பழையது போயே போய்விடும். அதனால் முதலில் உள்ளே இருப்பதைப் படித்து, இரண்டு இடத்தில் சேமித்துவிட்டுத்தான் எழுதுவதைப் பற்றி நினைக்கவே வேண்டும். தொழிலில் அவளுக்கு இருக்கும் ஒரே சட்டம் இது. குழாய் ரிப்பேருக்கு வந்தவர் அட்டையைப் பார்த்துவிட்டு, “பிள்ளைங்களுக்கு டியூஷன் எடுக்கிறீங்களாக்கா?” என்று கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டார்.

இந்தத் தொழிலுக்கு வருவதற்கு முன் ஒரு பெரிய கடையில் சர்வீஸ் கவுண்ட்டரில் உட்கார்ந்திருந்தாள். எதைக் கொண்டுவந்தாலும் திறந்து பார்க்காமலே, “இதுக்கு ஆயுள் முடிஞ்சுபோச்சு, புதுசு பாருங்க” என்று சொல்ல வேண்டும். சிரித்துக்கொண்டே சொல்ல வேண்டும். சிரிப்புதான் வரவில்லை. ஒருநாள் மேனேஜரிடம், “ஆயுள் முடிஞ்சுதா இல்லையான்னு நாடி பிடிச்சுப் பார்த்தீங்களா?” என்று கேட்டுவிட்டு எழுந்து வந்தவள்தான். அந்தக் கடையில் அவளுக்கு மிஞ்சிய ஒரே நட்பு, தடித்த கண்ணாடி போட்ட ஒரு பொறியாளர். சோடாபுட்டி என்று கூப்பிடுவார்கள். பயாஸ் வேலையை அவரும் இவளும் சண்டை போட்டுக்கொண்டே சேர்ந்து கற்றார்கள். அவர் இப்போது உயிரோடு இல்லை.

போர்மேனின் குரலைப் பிடித்து வைத்தது இந்தச் சோடாபுட்டிதான். குரல்வளையை எடுக்க வேண்டும் என்று டாக்டர்கள் சொன்னதும் டேப் ரெக்கார்டரோடு ஆஸ்பத்திரிக்கு வந்துவிட்டார். “நம்ம மொழியில ஒரு சௌகரியம். எழுத்து எல்லாத்தையும் ஒரு தடவை சொல்லிட்டாப் போதும், மிச்சத்தை மெஷின் கோத்துக்கும்” என்றார்.

கெட்ட நேரம், அவர் வந்தது ஆபரேஷனுக்கு முந்தின நாள். அன்று காலையிலிருந்து போர்மேனுக்கு எதுவும் சாப்பிடக் கொடுக்கவில்லை. லேத் இயந்திரங்களின் இரைச்சலுக்கு மேலே கத்தியே வாழ்நாளைக் கழித்தவர் அவர். வெறும் வயிறு, நாளைய பயம், பக்கத்துக் கட்டிலில் ஓயாமல் இருமும் ஆள், எல்லாம் சேர்ந்து அவரைக் கொதிக்கவைத்திருந்தன. ‘அ’ என்றார், கை தவறிய தொழிலாளியை அதட்டுபவர்போல. ‘ஆ’ அதைவிட மோசம்.

“சார், கொஞ்சம் சாந்தமா...” என்றார் சோடாபுட்டி.

“இது சாந்தந்தான்யா! அடுத்த எழுத்தைச் சொல்லு!”

தன் குரலின் கடைசி நாளை போர்மேன் எழுத்துகளைத் திட்டியே செலவழித்தார்.

சோடாபுட்டி அத்தனை எழுத்தொலிகளையும் ஒரு நீளக் கார்டில் ஏற்றி, அந்தக் காலத்து போர்டு ஒன்றின் கறுப்புச் செருகுவாயில் செருகினார். கரண்ட் வந்ததும் அந்தக் கார்டைத் தட்டி எழுப்ப, பயாஸுக்குள்ளும் கைப்பட சில வரிகள் சேர்த்தார். கூடத்து மூலையில் ஒரு கீபோர்டு, ஒரு ஸ்பீக்கர், பக்கத்தில் ஒலியைக் கூட்டிக் குறைக்க ஒரு குமிழ். போர்மேன் இரண்டு விரலால் தட்டுவார், பெட்டி அவர் குரலில் பேசும்.

பேசுமா? திட்டும். அதற்குத் தெரிந்ததெல்லாம் அதுதான். வீட்டுக்கு வந்தவரைப் பார்த்து ‘உட்காருங்க’ என்று தட்டினால், எழுந்து ஓடத் தோன்றும்படி ஓர் ஆணை பிறக்கும். மின் வேலைக்கு வந்தவர், பெட்டி சொன்ன ‘நன்றி’யைக் கேட்டு ஏணியிலிருந்து ஒரு படி சறுக்கினார். மகனுடைய கல்யாணத்துக்கு மறுநாள் போர்மேன் ‘நல்லா இருங்க’ என்று ஆசீர்வாதம் செய்தார், மருமகள் அழுதுவிட்டாள். அக்காவோ இதற்கெல்லாம் அசருபவள் அல்ல. பெட்டி கத்தும், இவள் திருப்பிக் கத்துவாள். பெட்டி ஒரு வாக்கியம் முடிப்பதற்குள் இவள் பத்து முடித்திருப்பாள். அடுத்த வீட்டுக்காரி, “என்னங்க, தினமும் சண்டையா?” என்று கேட்டாள். “சண்டை இல்லை, தண்ணி கேட்டாரு” என்றாள் அக்கா.

இத்தனை வருடத்தில் அந்தப் பெட்டியைத் திறக்க மட்டும் போர்மேன் அவளை விட்டதில்லை. ஸ்க்ரூ டிரைவரோடு அருகில் போனாலே ‘கை வைக்காதே’ என்று அலறும். அவருக்கு அது தொண்டை. ஒருமுறை கத்தி வைத்தவர்களை நினைத்து இன்னும் பயந்தார். அதனால் ஊர் போர்டுகளின் சிப்புகளையெல்லாம் படித்துப் பத்திரமாக வைத்திருந்தவளிடம், தன் வீட்டுச் சிப்பின் நகல் மட்டும் இல்லை.

போன மாதம் பெட்டிக்குள் டிஸ்க் டொக் டொக் என்று முனகத் தொடங்கியது. வேறு வழியில்லாமல் போர்மேன் தன் கையாலேயே அந்த டிஸ்கை மட்டும் கழற்றிக் கொடுக்க, அது முழுசாகச் சாவதற்குள் உள்ளே இருந்ததைப் புது டிஸ்க் ஒன்றுக்கு அக்கா மாற்றிவிட்டாள். ஆனால் கடையில் இன்று கிடைக்கிற மிகச் சின்ன டிஸ்கே அந்த போர்டுக்குத் தாங்காத அளவு. எண்ணத் தொடங்கி, எண்ணி முடியாமல், உறைந்துபோயிற்று. வீடு அமைதியாகிவிட்டது.

“இப்பவாவது உனக்குக் கொஞ்சம் நிம்மதி” என்றாள் அடுத்த வீட்டுக்காரி, நல்ல மனசோடுதான்.

“என் நிம்மதியை உன்கிட்டயா கேட்டேன்?” என்று ஜன்னலை அடித்துச் சாத்தினாள் அக்கா. கண்ணாடியில் விரிசல் விட்டது. அந்த விரிசல்மேலும் அன்று முழுவதும் கோபப்பட்டாள்.

வேறு ஊரில் வேலை பார்க்கும் மகன், தட்டினால் பேசுகிற டேப்லெட் ஒன்றை அனுப்பிவைத்தான். போர்மேன் ‘தண்ணீர்’ என்று தட்டினார். “தண்ணீர்” என்றது அது, விமான நிலையத்தில் அறிவிப்புச் சொல்லும் இளைஞன்போல, தேன் ஒழுக. போர்மேன் அதைத் திருப்பிப் பார்த்தார், குப்புறக் கவிழ்த்தார், அதன்மேல் செய்தித்தாளை வைத்தார். அதற்குப் பிறகு அவர் தண்ணீரும் கேட்கவில்லை. சுவிட்சையும் முன்பைவிட அதிகமாக அணைத்தார், போடாமலே போனார். சாப்பாட்டுத் தட்டை ஓசைப்படாமல் நகர்த்தி வைத்தார். அந்த ஓசைப்படாததுதான் அக்காவை அறுத்தது. கடைசியில் ஒருநாள், பெட்டியை அவரே தூக்கி வந்து படிக்கட்டின் முதல் படியில் வைத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் போய்விட்டார்.

அன்று பிற்பகல் அது மாடி மேஜைமேல் திறந்து கிடந்தது. டிஸ்கைக் கழற்றிவிட்டு, அந்தக் காலத்துச் சின்னத் தகடான ஃபிளாப்பியிலிருந்து ஓடவிட்டாள்; ஓடியது. சிப்பைப் படிக்கவும் எழுதவும் ஒரு சின்ன நிரல் வைத்திருக்கிறாள். படித்துச் சேமிக்க ஒரு விசை, எழுத அதற்கு அடுத்த விசை. ஃபிளாப்பியில் முந்தின நாள் வேலையின் மிச்சம் இருந்தது, யாருடைய லிப்டுக்கோ எழுதிய பயாஸ். போன் அடித்தது. மகன்.

“அம்மா, அந்தப் பெட்டியை விட்டுடும்மா. அது மூலையை விட்டு நகராது. அப்பா டேப்லெட்டை எடுத்துக்கிட்டு கடைக்குப் போகலாம், பஸ்ல போகலாம். நாலு பேர்கிட்டப் பேசலாம். வீட்டு மூலையில உக்காந்து உன்கிட்ட மட்டுந்தானே பேசிட்டு இருக்கார்?”

அவன் சொன்னதில் நியாயம் இருந்தது. அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை. தோளுக்கும் காதுக்கும் நடுவே போனை இடுக்கிக்கொண்டு கத்தினாள்.

“எது, அந்த ஜவுளிக்கடைக் குரல்லயா? அது அவர் பேசறதா? எவனோ பேசறான்டா! என் வீட்டுக்காரர் என்கிட்டக் கத்தணும், அவர் வாயால கத்தணும். உங்கப்பனை ஆயுள் முடிஞ்சுபோச்சுன்னு ஓரமா வைக்கப் பாக்கிறியா?”

“நான் எப்பம்மா அப்படிச் சொன்னேன்?”

“வை போனை!”

போனை வைத்த வேகத்தில் விசையையும் அழுத்தினாள்.

திரையில் கோடு இடமிருந்து வலமாக வளர்ந்தது. படிக்கும்போது வரும் கோடு பச்சை. இது சிவப்பு. பாதி வளர்ந்த பிறகுதான் மூளைக்கு எட்டியது. எழுதிக்கொண்டிருந்தது. சோடாபுட்டி கைப்பட எழுதிய வரிகளின்மேல், உலகத்தில் வேறெங்கும் நகல் இல்லாத வரிகளின்மேல், யாருடைய லிப்டையோ எழுதிக்கொண்டிருந்தது. நடுவில் நிறுத்தினாலும் பயனில்லை. முடிந்தது. ‘மறுபடி தொடங்கவா?’ என்று கேட்டு ஒற்றை விசைக்காகக் காத்து நின்றது. கொதிக்கும் பாத்திரத்தைத் தொட்டவள்போலக் கைகளைக் கீபோர்டிலிருந்து எடுத்தாள்.

எதிரே அட்டை தொங்கியது. படிக்காமல் எழுதாதே. அதைப் பிய்த்துக் கிழித்தாள். “முண்டம், முண்டம், முண்டம்” என்று தன்னையே திட்டினாள். வார்த்தைகள் தீர்ந்தபோதுதான் அறிவு வேலை செய்தது.

அந்தக் காலத்து போர்டுகளுக்கு ஒரு பழக்கம் உண்டு. விழித்ததும் சிப்பில் இருப்பதை முழுசாக ஒருமுறை படித்து, தன் நினைவகத்தில் நகல் எடுத்து வைத்துக்கொள்ளும். அதன் பிறகு சிப்பை ஏறெடுத்தும் பார்க்காது. சிப்பில் எழுத்து போய்விட்டது. நினைவகத்தில் இன்னும் இருக்கிறது. அதை அப்படியே ஃபிளாப்பிக்குக் கொண்டுவந்துவிடலாம். கரண்ட் போகாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான். ஒரு கண் சிமிட்டலுக்குப் போனாலும் எல்லாம் போச்சு. கார்டுக்குள் இருக்கும் குரலை வேறு வழியில் வெளியே எடுக்கலாம் என்றால் அதற்கும் இந்த போர்டு ஓடியாக வேண்டும்.

கீழே அடுப்படியில் டம்ளர் வைக்கும் ஓசை கேட்டது. பிறகு செருப்பு தரையில் உரசும் ஓசை. டீ தயார். படிக்கட்டை நோக்கி வந்துகொண்டிருந்தார்.

“சுவிட்ச்ல கை வைக்காதீங்க!” என்று கத்தினாள். கத்திய கணமே தெரிந்துவிட்டது. தினமும் இதைத்தான் கத்துகிறாள், இதே தொண்டையில், இதே வேகத்தில். தினமும் இதைக் கேட்ட பிறகுதான் அவர் அணைக்கிறார்.

பாய்ந்து எழுந்தாள். புறங்கை, ஈயம் பற்றவைக்கும் சூடான சால்டரிங் அயர்னில் பட்டது, பட்டதே தெரியவில்லை. படிகளில் தடதடவென்று இறங்கினாள். போர்மேனின் விரல் சுவிட்சின்மேல் இருந்தது. முகத்தில் இத்தனை நாள் சேர்த்து வைத்த வீம்பு இருந்தது. அவள் கத்தட்டும், கத்தினால் அணைப்பேன் என்று நின்றார்.

“வேண்டாம்” என்றாள் அக்கா.

மெதுவாகச் சொன்னாள். வேறு குரல் வரவில்லை. அவள் மெதுவாகப் பேசி அவர் கேட்டுப் பல வருடம் ஆகியிருந்தது. வீட்டில் யாராவது செத்தால்தான் அவளுக்கு அந்தக் குரல் வரும். போர்மேன் பயந்துபோய்க் கையை எடுத்தார்.

“உங்க குரலை நான் அழிச்சுட்டேங்க. சிப்புல இருந்தது போச்சு. மேல கரண்ட் இருக்கிற வரைக்குந்தான் மிச்சம். போச்சுன்னா போச்சு.”

அவர் வாய் திறந்து அசைந்தது. கழுத்துத் துளையில் காற்று சீறியது, வேறொன்றும் வரவில்லை. கை ஓங்கி எழுந்து, சுவரில் அறைந்து நின்றது. அப்படியொரு கோபத்தை அவர் முகத்தில் அவள் பார்த்ததில்லை. பார்க்கத் தகுதியானவள் தான்தான் என்று அசையாமல் நின்றாள். பிறகு அவர் திரும்பினார். சுவிட்சுப் பலகை முழுசாக மறையும்படி முதுகைச் சாய்த்து, கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார். முகவாயால் மேலே காட்டினார். போ.

மேலே அவள் நிரலிலிருந்து வெளியேற ஒவ்வொரு விசையையும் இரண்டு முறை பார்த்து அழுத்தினாள். நினைவகத்தின் அந்தப் பகுதியை ஃபிளாப்பிக்கு எடுக்கக் கட்டளை கொடுத்தாள். ஃபிளாப்பி கரகரத்தது, நின்றது, மறுபடி கரகரத்தது. வெளியே எங்கோ தண்ணீர் மோட்டார் போட்டார்கள். விளக்கு ஒரு நொடி மங்கியது, அவள் உயிரும் மங்கியது. மங்கியது அணையவில்லை. எடுத்ததைத் திறந்து பார்த்தாள். கடைசிப் பக்கத்தில், சோடாபுட்டியின் வரிகள், அவர் எப்போதும் விடும் வீண் இடைவெளிகளோடு, அப்படியே இருந்தன. இன்னொரு ஃபிளாப்பியில் ஒரு நகல், மேஜைக் கம்ப்யூட்டரில் ஒரு நகல்.

“ஆச்சு!” என்று மாடியே அதிரக் கத்தினாள். “எடுத்துட்டேன்! அங்கயே நின்னுக்கிட்டு இருக்காதீங்க, கால் வலிக்கும், போங்க!”

பழைய குரல். அதைக் கேட்ட பிறகுதான் போர்மேன் சுவிட்சை விட்டு நகர்ந்தார். நகர்ந்தவர் கூடத்துக்குப் போகவில்லை. கடைசிப் படியில் உட்கார்ந்தார்.

மற்றதெல்லாம் அவள் கண்ணை மூடிக்கொண்டு செய்கிற வேலை. டிஸ்கை எண்ணுகிற இடத்தைத் தேடிப் பிடித்து, துரையைத் திட்டி, எண்ணி முடியாவிட்டால் விட்டுவிட்டு மேலே போ என்று திருத்தினாள். கூட்டலைச் சரிக்கட்டினாள். சிவப்புக் கோடு மறுபடி வளர்ந்து முடிந்தது. மறுபடி தொடங்கியபோது திரை வெகுநேரம் கறுப்பாகவே இருந்தது. பிறகு ஒரு பீப். புது டிஸ்கின் பெயர் ஒரு வரியாக வந்து விழுந்தது.

பெட்டியை மூடாமலே கீழே தூக்கி வந்து அதன் மூலையில் வைத்தாள். கம்பிகளைச் செருகும்போதே வாய் ஓடத் தொடங்கிவிட்டது.

“நாளைக்கு இந்தக் கார்டுல இருக்கிறதையெல்லாம் வெளிய எடுத்துடுவேன். உங்க பிள்ளைகிட்டக் கொடுத்தா அந்த டேப்லெட்டுக்குள்ள போட்டுத் தருவான். தூக்கிட்டுப் போய்க் கடைத்தெருவுல கத்துங்க, பஸ்ஸுல கத்துங்க. என்கிட்ட மட்டும் கத்தினா போதுமா? இந்த வீட்டுல நான் ஒருத்தி கேட்டாப் போதுமா? இந்தாங்க, தட்டுங்க. என்ன முழிக்கிறீங்க? திட்டுங்க, வாங்கிக்கிறேன். தப்பு என்னுதுதான்.”

போர்மேன் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். இரண்டு விரல்கள் விசைகளைத் தேடின. அக்கா இடுப்பில் கைவைத்துக்கொண்டு, வாங்கிக்கொள்ளத் தயாராக நின்றாள். அவர் நிறுத்தி, அவள் கையைப் பார்த்தார், மறுபடி தட்டினார். கடைசி விசையை அழுத்தினார்.

“கையில… சுட்டுருச்சா? மருந்து… போட்டியா?”

திருடனைக் கையும் களவுமாகப் பிடித்தவனின் குரல். கூடம் அதிர்ந்தது. அக்கா தன் புறங்கையைத் திருப்பிப் பார்த்தாள், சிவந்து கொப்பளித்திருந்தது.

“இல்லை! போடலை! அதுக்கு இப்ப என்ன?” என்று திருப்பிக் கத்தினாள்.

“போ… போய்ப்… போடு!” என்றது பெட்டி.

அடுத்த வீட்டு ஜன்னல் படாரென்று சாத்திக்கொண்டது. அக்கா குனிந்து, ஒலிக் குமிழைப் பிடித்து, கூட்டும் பக்கமாக, அதற்கு மேல் போகாது என்கிற வரை திருகினாள்.